குவாரி, கிரஷர், காற்றாலைச் சங்கங்களில் புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு

தமிழ்நாட்டில் கல்குவாரி, கிரஷர் (கல் உடைக்கும் ஆலை) உரிமையாளர்கள் மாவட்டவாரியாகச் சங்கம் வைத்திருக்கிறார்கள். பல்லடம், உடுமலை, கயத்தாறு, முப்பந்தல் பக்கம் காற்றாலை வைத்திருப்பவர்களுக்கும் சங்கங்கள் உண்டு. ஒன்று மண்ணுக்குள் இருப்பதை எடுக்கிறது, மற்றொன்று மேலே வீசுவதை எடுக்கிறது. இரண்டின் வரவு செலவையும் நிர்ணயிப்பது சந்தையைவிட அதிகமாக அரசாணைகளும் ஆணைய உத்தரவுகளும்தான். தலைவராகவோ செயலாளராகவோ முதல் முறையாக வந்திருப்பவர், சங்க வேலை என்றால் மாலை, சால்வை, அமைச்சரோடு புகைப்படம் என்று நினைத்தால் ஓராண்டு அப்படியே ஓடிவிடும். சரியான கோரிக்கையை, அதை முடிவு செய்யும் மேசைக்கு, அந்த மேசையில் கோப்பு திறந்திருக்கும் நேரத்தில், கணக்கோடு கொண்டுபோவதுதான் வேலை. அதற்கான வரிசை இது.

முதல் வாரம்: காகிதம்

பதவியேற்றதும் பழைய பொறுப்பாளர்களிடமிருந்து ஆறு பொருள்களைக் கையெழுத்திட்டு வாங்குங்கள்: பதிவுச் சான்றிதழ், துணை விதிகள், உறுப்பினர் பதிவேடு, மினிட் புத்தகம், வங்கிக் கணக்குப் புத்தகம், கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை. பெரும்பாலான மாவட்டச் சங்கங்கள் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்துவிடலாம் என்பதால் ஆரம்பிப்பது எளிது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டுவதையும், நிர்வாகிகள் மாறியதை மாவட்டப் பதிவாளரிடம் படிவம் 7-இல் தாக்கல் செய்வதையும்தான் மறந்துவிடுகிறார்கள்.

இந்த மறதி எங்கே கடிக்கும் தெரியுமா? நீதிமன்றத்தில். சங்கத்தின் பெயரில் ரிட் மனு போட்டு, எதிர்த் தரப்பு வழக்கறிஞர் எழுந்து, "இந்தத் தலைவரின் பெயர் பதிவாளர் ஏட்டிலேயே இல்லை" என்று சொன்னால் அன்றைய நாள் போயிற்று. வங்கியும் பழைய கையெழுத்தை மாற்றித் தராது. எனவே தேர்தல் முடிந்த கையோடு படிவத்தைத் தாக்கல் செய்து, சான்றிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காசோலையில் இருவர் கையெழுத்து கட்டாயம் என்று இருக்கட்டும். சந்தாவுக்கு ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். சந்தா, விழா வசூல், விளம்பர வருமானம் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 20 லட்சத்தை நெருங்கினால் ஜி.எஸ்.டி. பதிவு பற்றி ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நோட்டீஸ் வந்தபின் கேட்டால் செலவு கூடும்.

உறுப்பினர் யார், யாருக்கு என்ன வேண்டும்

பதிவேட்டில் பெயர் மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். குவாரி என்றால் சர்வே எண், பரப்பு, பட்டா நிலமா அரசுப் புறம்போக்கா, குத்தகை முடியும் தேதி, சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற தேதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு முடியும் தேதி, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற விவரங்கள். காற்றாலை என்றால் சர்வீஸ் எண், மிஷின் திறன், இயங்கத் தொடங்கிய தேதி, எந்த ஃபீடர் (மிஷினைத் துணை மின்நிலையத்தோடு இணைக்கும் லைன்), எந்தத் துணை மின்நிலையம், மின்சாரத்தை வாரியத்துக்கு விற்கிறாரா சொந்த ஆலைக்கு எடுத்துக்கொள்கிறாரா என்பவை.

இதை எழுதி முடிக்கும்போது ஓர் உண்மை தெரியவரும்: உங்கள் உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஒரே நலன் கிடையாது. சொந்தக் குவாரி வைத்திருக்கும் கிரஷர்காரர் ஒரு பக்கம், கல்லை வெளியே வாங்கி உடைப்பவர் மறுபக்கம். 2018 மார்ச் 31-க்குள் ஓடத் தொடங்கிய காற்றாலைக்கு மின்சாரத்தை ஆண்டுக் கணக்கில் சேமித்து வைக்கும் பேங்கிங் வசதி உண்டு. அதற்குப் பின் வந்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. சொந்த ஆலைக்கு எடுப்பவருக்கு பேங்கிங் உயிர். வாரியத்துக்கு விற்பவருக்குக் கிடைக்க வேண்டிய பாக்கித் தொகைதான் உயிர். இந்தப் பிளவை மூடி மறைத்து ஒரே மனுவில் எல்லாவற்றையும் திணித்தால், அதிகாரி எது எளிதோ அதை மட்டும் செய்துவிட்டு "பரிசீலித்தோம்" என்பார். எதில் எல்லோரும் உடன்படுகிறார்களோ அது சங்கத்தின் கோரிக்கை. உடன்படாதவற்றுக்கு அந்தந்தப் பிரிவினர் தனிக் குழுவாக, தனிக் கடிதத்தில் போகட்டும். சங்கங்கள் இரண்டாக உடைவது பெரும்பாலும் கொள்கைப் பகையால் அல்ல. "தலைவர் தன் யூனிட்டுக்கு வேண்டியதை மட்டும் பேசிவிட்டு வந்தார்" என்ற பேச்சால்தான். செயற்குழுவில் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்காரர் ஒருவரும், 250 கிலோவாட் பழைய மிஷின் வைத்திருப்பவர் ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும்.

எந்த மேசை எதை முடிவு செய்கிறது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. எல்லாவற்றுக்கும் கலெக்டரிடம் மனு கொடுப்பது பழக்கமாகிவிட்டது. கலெக்டர் வாங்கிக்கொள்வார், எண் போடுவார், கீழே அனுப்புவார். அவரால் முடிவு செய்ய முடியாத விஷயம் என்றால் மூன்று மாதம் கழித்து அதே பதில் வரும்.

ஜல்லிக் கல், கிராவல், செம்மண், கிரானைட் போன்றவை சிறு கனிமங்கள். 1957-ஆம் ஆண்டின் மத்திய கனிமச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, இவற்றுக்கு விதி செய்யும் அதிகாரத்தை மாநிலத்துக்குத் தருகிறது. அதன்படி வந்ததுதான் 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள். ஆகவே சீனியரேஜ் தொகை (எடுக்கும் கனிமத்துக்கு அரசுக்குக் கட்டுவது), குத்தகைக் காலம், குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் தூரம் போன்றவற்றை மாற்ற வேண்டுமானால் தலைமைச் செயலகத்தில் இயற்கை வளங்கள் துறைக்குப் போக வேண்டும். கோப்பு அங்கே எழுந்தாலும், கிண்டியில் உள்ள புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆணையரின் கருத்து இல்லாமல் நகராது. எனவே முதல் நகல் ஆணையருக்கு.

பர்மிட் தாமதம், நடைச்சீட்டு (லோடு வண்டிக்கான அனுமதிச் சீட்டு) கோளாறு, அளவீட்டுத் தகராறு என்றால் மாவட்டத்தில் உள்ள துணை அல்லது உதவி இயக்குநர், வழக்குமொழியில் ஏ.டி. மைன்ஸ். வண்டியைப் பிடித்து வைத்த விவகாரம் என்றால் பிடித்தது வருவாய்த் துறையா, காவல் துறையா, கனிமத் துறையா, போக்குவரத்துத் துறையா என்று முதலில் கேளுங்கள். நான்குக்கும் சட்டம் வேறு, விடுவிக்கும் அதிகாரியும் வேறு.

சுற்றுச்சூழல் அனுமதி தருவது மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். அதை அமைப்பது மத்திய அரசு. அதன் பதவிக்காலம் மூன்று ஆண்டு. காலம் முடிந்து புதிய ஆணையம் அமையத் தாமதமானால் மாநிலம் முழுக்கக் கோப்புகள் தேங்கிவிடும். அந்த முடிவுத் தேதியை உங்கள் நாட்காட்டியில் குறித்து, ஆறு மாதம் முன்பே மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்கும் டெல்லி அமைச்சகத்துக்கும் எழுதுங்கள். தேங்கிய பிறகு எழுதுவது புலம்பல்தான்.

அனுமதி வேண்டாம் என்ற சலுகையைக் கேட்டு அலைவது வீண். 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று சொன்னது. 2016-இல் சிறிய குவாரிகளுக்காக மாவட்ட அளவில் ஆணையம் வந்தது. 2018-இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவால் அந்த ஏற்பாடு நின்றது, அதன் வழியே வாங்கிய அனுமதிகளையும் மறுமதிப்பீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. நெளிவான வழியில் கிடைக்கும் சலுகை சில ஆண்டுகளில் திரும்பி வந்து உறுப்பினர்களின் கழுத்தைப் பிடிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

வெடிமருந்து உரிமம் மத்திய வெடிபொருள் அமைப்பிடம். குவாரிக்குள் தொழிலாளர் பாதுகாப்பு, பெஞ்ச் (படிப்படியாக வெட்டும் பாறைத் தட்டு) உயரம், வெடி வைக்கும் முறை ஆகியவை சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்திடம். மாநில அமைச்சர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இவற்றில் அவரால் ஒன்றும் செய்ய இயலாது.

மின்சாரப் பக்கம் வேறு உலகம். அதைத் தனியே கீழே சொல்கிறோம்.

கணக்கு: சங்கத்தின் உண்மையான பலம்

"தொழில் நசிந்துவிட்டது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாதிப்பு" என்ற வரி எல்லா மனுக்களிலும் இருக்கும். படிப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். எண் இருந்தால் நிற்கும்.

ஒரு உதாரணம். குவாரியில் கல் கனமீட்டரில் அளக்கப்படுகிறது, சந்தையில் யூனிட்டில் விற்கிறது, எடைமேடையில் டன்னில் வருகிறது. ஒரு யூனிட் என்பது 100 கனஅடி, அதாவது 2.83 கனமீட்டர். ஆனால் எந்தக் கனமீட்டர்? பாறையாக இருக்கும்போது ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 2.6 முதல் 2.7 டன் இருக்கும். உடைத்து ஜல்லியாக்கி லாரியில் கொட்டினால், இடையில் காற்று புகுந்து, ஒரு கனமீட்டர் சுமார் 1.5 முதல் 1.6 டன்தான். அப்படியானால் ஒரு யூனிட் ஜல்லி ஏறக்குறைய 4.4 டன். டன்னுக்கு 10 ரூபாய் ஏறினால் வாங்குபவருக்கு யூனிட்டுக்கு 44 ரூபாய் ஏறும். வரியைக் கனமீட்டரிலிருந்து டன்னுக்கு மாற்றும் வரைவு வந்தால், எந்த அடர்த்தியைக் கொண்டு மாற்றுகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. 2.7 என்ற பாறை அடர்த்தியை லாரியின் தளர்ந்த கொள்ளளவோடு பெருக்கிவிட்டால் வரி ஒன்றே முக்கால் மடங்காகிவிடும். இந்த ஒரு பக்கக் கணக்கு, ஐம்பது கார்களில் போய்க் கோட்டையில் நிற்பதைவிட அதிகம் சாதிக்கும். உங்கள் மாவட்டத்துப் பாறை மாதிரிகளை ஏதாவது அரசுப் பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்து, அடர்த்திச் சான்று வாங்கி இணையுங்கள். வாய்க்கணக்கை நிதித் துறை ஏற்காது.

உறுப்பினர்களிடம் புள்ளிவிவரம் கேட்டால் தரமாட்டார்கள். வருமான வரி பயம், பக்கத்து யூனிட்காரர் தெரிந்துகொள்வாரோ என்ற பயம். வழி இருக்கிறது. படிவத்தில் பெயர் எழுத வேண்டாம், ஒரு எண் மட்டும். அதை நேரே ஆடிட்டருக்கு அனுப்பட்டும். ஆடிட்டர் மொத்தத்தையும் சராசரியையும் மட்டும் சங்கத்துக்குத் தரட்டும், தலைவர்கூடத் தனிப்பட்ட தாளைப் பார்க்கக் கூடாது என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டுவிடுங்கள். கேள்விகள் ஐந்தைத் தாண்ட வேண்டாம்: மாத உற்பத்தி டன், கட்டிய சீனியரேஜ், ஒரு டன்னுக்கு டீசலும் மின் யூனிட்டும், நேரடி வேலையாட்கள் எண்ணிக்கை, நிலுவையில் உள்ள விண்ணப்பமும் அது கிடக்கும் நாட்களும். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் அதிகாரிகளை உட்கார வைக்கும். "தாமதமாகிறது" என்பதற்கும், "23 விண்ணப்பங்கள், அதில் 9 ஆறு மாதத்துக்கு மேல், இதோ விண்ணப்ப எண்கள்" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை முதல் கூட்டத்திலேயே பார்ப்பீர்கள். அரசுத் தரப்புத் தகவல் வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு.

மனு எழுதும் முறை

இரண்டு பக்கம். மூன்றாவது பக்கத்துக்குப் போனால் மறுபடி எழுதுங்கள். தலைப்பில் பொருளும் விதி எண்ணும். முதல் பத்தியில் நீங்கள் யார், எத்தனை உறுப்பினர், பதிவு எண். இரண்டாவது பத்தியில் சிக்கல் என்ன, எந்த அரசாணையின் எந்தப் பத்தியால் வந்தது. மூன்றாவதில் எண்கள். நான்காவதில் கோரிக்கை: "தற்போதுள்ள விதி இப்படி, மாற்ற வேண்டியது இப்படி" என்று இரண்டு கட்டமாகப் போட்டு, திருத்த வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். பிரிவு அலுவலர் குறிப்பு எழுத உட்காரும்போது தயாராக ஒரு வாசகம் இருந்தால் கோப்பு ஒரு படி முன்னே போய்விடும். இது சிலருக்கு அற்பமாகத் தெரியும், பலன் பெரிது.

ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. பன்னிரண்டு அம்சக் கோரிக்கை என்பது மேடைக்கு அழகு, கோப்புக்கு ஆகாது. ஏனென்றால் பன்னிரண்டும் பன்னிரண்டு பிரிவுகளுக்குப் போக வேண்டும், மனு இருப்பதோ ஒன்று. அது எந்தப் பிரிவில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

கொடுக்கும்போது அலுவலக முத்திரையும் தேதியும் இட்ட நகல் வாங்காமல் வராதீர்கள். பிறகு நீதிமன்றம் போக நேர்ந்தால் அந்த முத்திரைதான் உங்கள் முதல் ஆவணம்.

நேரில் பார்க்கும்போது நான்கு பேருக்கு மேல் போகாதீர்கள்: பேசுபவர் ஒருவர், கணக்கு தெரிந்தவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர், சிறு யூனிட்காரர் ஒருவர். தனி உறுப்பினரின் சொந்த வழக்கை அந்த அறையில் எடுக்கவே கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். வெளியே வந்த அன்றே, பேசியவற்றை ஐந்து வரியில் கடிதமாக எழுதி, நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். அதிகாரி மாற்றலாகிப் போனாலும் கோப்பில் அது இருக்கும். மாற்றல் அடிக்கடி நடக்கும்.

மின்சாரம்: ஆணையத்தின் முன் பேசக் கற்றல்

காற்றாலைச் சங்கத்துக்கு அமைச்சரைவிட முக்கியமான இடம் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி கட்டணம், வீலிங் (மின்சாரத்தை வாரியக் கம்பி வழியே கொண்டுசெல்வது), பேங்கிங் ஆகியவற்றை நிர்ணயிப்பது அதுதான். ஆணையம் பாதி நீதிமன்றம் போல நடக்கும். அங்கே சால்வை செல்லாது, பிரமாணப் பத்திரம்தான் செல்லும்.

மின் நிறுவனம் கட்டண மனு தாக்கல் செய்தால் அதன் சுருக்கம் வெளியாகும், ஆட்சேபணைக்குத் தேதி தரப்படும். முழுமையான மனு கிடைத்த 120 நாளில் ஆணையம் உத்தரவு தர வேண்டும் என்பது 64-ஆம் பிரிவு. ஆட்சேபணையை எழுத்தில் தராமல் பொது விசாரணையில் மைக் பிடித்துப் பேசுவதோடு நிறுத்திக்கொள்பவர்கள் அதிகம். உத்தரவில் உங்கள் வாதத்துக்கு ஆணையம் பதில் எழுத வேண்டுமானால், அது எழுத்தில், பக்க எண்ணோடு, "மனுவின் இந்த அட்டவணையில் இந்த எண் தவறு, காரணம் இது" என்று இருக்க வேண்டும். பதிலே எழுதாமல் விட்டால் அதுவே மேல்முறையீட்டுக்கு ஒரு காரணம். டெல்லி மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள், அங்கிருந்து சட்டக் கேள்வி மீது உச்ச நீதிமன்றம் போக 60 நாள். இந்தக் கெடுக்களை வழக்கறிஞர் நினைவில் வைத்திருப்பார் என்று விடாதீர்கள். செயலாளர் குறித்து வைக்க வேண்டும்.

87-ஆம் பிரிவின் கீழ் மாநில ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதிகபட்சம் 21 உறுப்பினர்கள். தொழில், வேளாண்மை, தொழிலாளர், நுகர்வோர் சார்பில் ஆட்கள் அதில் இருப்பார்கள். உங்கள் தரப்பில் ஒருவர் இல்லை என்றால் அடுத்த நியமனத்துக்குப் பெயர் அனுப்புங்கள். இருந்தும் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பது அதைவிட மோசம்.

மின்சாரத்தில் எந்த வாதம் வெல்லும் என்பதற்குச் சூரியமின் துறையில் நடந்த ஒன்று பாடமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் மின்கட்டப் பாதுகாப்பு (கிரிட் பாதுகாப்பு) என்று காரணம் சொல்லி உற்பத்தியைக் குறைக்கச் சொல்லியதை எதிர்த்து, இந்தியத் தேசியச் சூரிய மின் கூட்டமைப்பு தீர்ப்பாயத்துக்குப் போனது. 2021 ஆகஸ்ட் 2-இல் வந்த தீர்ப்பு, பாதுகாப்புக் காரணம் இல்லாமல் குறைக்கச் சொன்ன மின்சாரத்துக்கு ஒப்பந்த விலையில் 75 விழுக்காடு இழப்பீடு என்றது. அதைச் சாத்தியமாக்கியது ஆவேசமான வாதம் அல்ல. குறைக்கச் சொன்ன அதே நேரத்தில் மின்கட்டத்தின் அதிர்வெண் எவ்வளவு, மற்ற நிலையங்கள் என்ன ஓடின என்பதை அலசிய தரவுதான்.

ஆகவே காற்றாலைக்காரர்கள் இன்றிலிருந்தே ஏடு எழுதுங்கள். மிஷின் தயார், காற்று உண்டு, ஆனால் லைன் இல்லை என்ற ஒவ்வொரு நிகழ்வுக்கும் தேதி, தொடக்கம், முடிவு, ஃபீடர் பெயர், காற்றின் வேகம், வாய்மொழி உத்தரவா எழுத்திலா, சொன்னவரின் பதவி. மிஷின் கண்ட்ரோலரிலேயே பெரும்பாலானவை பதிவாகும். வாரம் ஒரு முறை எடுத்து வைக்காவிட்டால் பழைய மாடல்களில் அழிந்துவிடும். ஒரே ஃபீடரில் உள்ள பத்து மிஷின்களின் பதிவு ஒத்துப்போனால் அதை யாராலும் மறுக்க முடியாது. ஒரே ஒரு மிஷினின் பதிவு மட்டும் என்றால், "உங்கள் மிஷினில் கோளாறு" என்று முடித்துவிடுவார்கள்.

காற்றுக் காலம் மே முதல் செப்டம்பர் வரை. ஃபீடர் பராமரிப்பு, ஜம்பர் மாற்றுதல், மரக்கிளை வெட்டுதல் எல்லாம் ஏப்ரலுக்குள் முடிய வேண்டும். எனவே மின்வாரியக் கண்காணிப்புப் பொறியாளரோடு கூட்டம் ஜனவரியில். ஆடியில் போய் நின்றால் அவரும் வருத்தப்படுவார், வேறொன்றும் நடக்காது.

வரைவு வரும்போதே பிடிப்பது

அரசாணை வந்த பிறகு மாற்றுவது, வருமுன் மாற்றுவதைவிடப் பத்து மடங்கு கடினம். மத்தியச் சுற்றுச்சூழல் வரைவு அறிவிக்கைகளுக்குப் பொதுவாக 60 நாள் கருத்துக் கேட்பு உண்டு. மின் ஆணையம் தன் வரைவு விதிமுறைகளில் தேதி குறிப்பிடும். மாநிலச் சிறு கனிம விதித் திருத்தங்கள் பல நேரம் நேரே வந்துவிடும், அங்கே ஆணையர் அலுவலகத்தோடு தொடர்பில் இருப்பதைத் தவிர வழியில்லை. சட்டமன்றத்தில் இயற்கை வளங்கள் துறை மானியக் கோரிக்கை நாளில் வரும் அறிவிப்புகளைப் படித்தால், அடுத்து என்ன வரப்போகிறது என்று பாதி தெரிந்துவிடும். செயற்குழுவில் இளையவர் ஒருவருக்கு இதையே முழுப் பொறுப்பாகக் கொடுங்கள்: வாரம் ஒரு மணி நேரம், அரசிதழ், ஆணைய இணையதளம், அமைச்சக இணையதளம்.

தொலைவில் நடக்கும் வழக்குகளையும் கவனிக்க வேண்டும். ராயல்டி (கனிமம் எடுப்பதற்குக் கட்டும் தொகை) என்பது வரிதான் என்று 1989-இல் இந்தியா சிமென்ட்ஸ் வழக்கில், தமிழ்நாடு விதித்த செஸ் தொடர்பாகவே, உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2024 ஜூலை 25-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, ராயல்டி வரி அல்ல, கனிம நிலத்துக்கு மாநிலங்கள் தனியே வரி போடலாம் என்றது. தமிழ்நாடு அதே ஆண்டில் கனிமவள நிலவரிச் சட்டம் இயற்றி, 2025 ஏப்ரல் 4 முதல் நடைமுறைப்படுத்தியது. தீர்ப்புக்கும் அமலுக்கும் இடையில் எட்டு மாதத்துக்கு மேல் இருந்தது. கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டிய காலம் அதுதான். ஏப்ரலில் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, பேச்சுவார்த்தை நடந்தது. முன்பே கணக்கோடு நுழைந்திருந்தால் நிறுத்தமே தேவைப்பட்டிருக்குமா என்று ஒவ்வொரு சங்கமும் தன்னையே கேட்டுக்கொள்ளலாம்.

வேலைநிறுத்தம்

அறிவிப்பது சுலபம், முடிப்பது கடினம். அறிவிப்பதற்கு முன்பே மூன்றை எழுதி வையுங்கள்: எது கிடைத்தால் முடிப்போம், எத்தனை நாள் தாங்குவோம், யார் பேசுவார்கள். வங்கித் தவணை கட்ட வேண்டிய டிப்பர் உரிமையாளர் பத்தாம் நாளில் உங்களை விட்டுப் போய்விடுவார். அவர் போவது துரோகம் அல்ல, தவணைத் தேதி. ஆஸ்பத்திரி, குடிநீர்த் திட்டம் போன்ற பணிகளுக்கு மட்டும் லோடு விடுவோம் என்று முதல் நாளே அறிவித்துவிட்டால் பொதுமக்கள் கோபம் உங்கள் மேல் திரும்பாது. லோடு ஏற்றி ஓடும் வண்டியை மறிப்பது, டயரில் காற்றைப் பிடுங்குவது போன்றவற்றை யாராவது செய்தால் வழக்கு தலைவர் பெயரில்தான் வரும்.

வழக்கு

உயர் நீதிமன்றத்துக்குப் போகுமுன் செயற்குழுவில் தீர்மானம் போட்டு, வக்காலத்தில் கையெழுத்திடும் அதிகாரத்தைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. கோரிக்கை மனு மீது பதிலே வராதபோது, குறிப்பிட்ட வாரங்களுக்குள் பரிசீலிக்க உத்தரவிடக் கேட்பது மலிவான, பயனுள்ள வழி. ஆனால் பரிசீலித்து நிராகரித்தால் அதுவும் பரிசீலனையே. கணக்கு பலமாக இருந்தால் மட்டும் இதைக் கேளுங்கள்.

செய்யவே கூடாத மூன்று

விலை. "நாளை முதல் எம்-சாண்ட் யூனிட்டுக்கு இவ்வளவு, யாரும் குறைக்கக் கூடாது" என்று சங்க லெட்டர்பேடிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள். 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு இதை நேரடியாகத் தடுக்கிறது. சிமென்ட் நிறுவனங்கள் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2012-இல் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தபோது, அவற்றின் உற்பத்தியாளர் சங்கத்தையும் விடவில்லை. வழக்கு மேல்முறையீடுகளில் இன்னும் நீண்டுகொண்டிருந்தாலும், சங்கக் கூட்டங்களே சாட்சியமாக வந்தன என்பதை மறக்க வேண்டாம். வரி ஏறியதால் அடக்கவிலை எவ்வளவு ஏறுகிறது என்று அரசுக்குக் கணக்குக் காட்டலாம். விற்பனை விலையை ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவு செய்யட்டும்.

"செலவு". லோடுக்கு இவ்வளவு என்று வசூலித்து யாருக்கோ கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் சங்கம் இறங்கினால், அந்த வசூல் நோட்டே குற்றப்பத்திரிகைக்கு இணைப்பாகும். 2018 திருத்தத்துக்குப் பின் லஞ்சம் கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு.

கேடயம். பர்மிட் இல்லாமல் வெட்டுபவர், ஒரே நடைச்சீட்டில் நான்கு நடை போகிறவர் உறுப்பினராக இருந்தால், "நம்ம ஆள்" என்று போய் நிற்காதீர்கள். அடுத்த முறை நியாயமான கோரிக்கையோடு போகும்போது அதிகாரி கண்ணில் அந்த முகம்தான் தெரியும். அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் வைத்திருக்கிறது. பாரம் ஏற்றிவிடும் கிரஷருக்கும் அதில் பங்கு வரலாம். எடைமேடையில் உரிய எடைக்கு மேல் பில் போடுவதில்லை என்று எல்லா உறுப்பினரும் ஒரே நாளில் தொடங்கினால் ஒருவருக்கும் வியாபாரம் போகாது. ஒருவர் மட்டும் தொடங்கினால் அவர் வாடிக்கை பக்கத்து கிரஷருக்குப் போய்விடும். சங்கம் என்ற ஒன்று தேவைப்படுவதே இப்படிப்பட்ட இடத்தில்தான்.

ஊரோடு

500 மீட்டருக்குள் உள்ள குவாரிகளின் மொத்தப் பரப்பு ஐந்து ஹெக்டேரைத் தாண்டினால் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டமும் வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாளிதழ்களில் குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து அறிவிக்கும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆலோசனை நிறுவனங்கள் தரும் தமிழ்ச் சுருக்கத்தை ஒரு முறையாவது நீங்களே படியுங்கள். வேறு மாவட்டத்து ஊர்ப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டு வருவது சாதாரணம். கூட்டத்தில் ஒருவர் அதை எழுந்து வாசித்துக் காட்டினால் மற்ற எல்லா வாக்குறுதியும் பொய்யாகிவிடும்.

ஊர்க்காரர்களின் புகார்கள் பெரும்பாலும் நான்குதான்: தூசி, வெடி அதிர்வில் சுவர் விரிசல், கிணற்று நீர் இறங்குவது, டிப்பர் வேகம். விரிசலுக்கு ஒரே மருந்து, முன்கூட்டியே பதிவு செய்து வைப்பது. புதிய குவாரி தொடங்குமுன் சுற்றியுள்ள வீடுகளின் சுவர்களை, வீட்டுக்காரர் முன்னிலையில், தேதியோடு படம் எடுத்து இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்வது. கிணற்றுக்கும் அதேபோல, மாதம் ஒரு முறை நீர்மட்டம் அளந்து ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதுவது. வெடி நேரத்தை நிரந்தரமாக ஒரே நேரமாக வைத்து ஊருக்குத் தெரியப்படுத்துவது. காலை எட்டு முதல் ஒன்பதரை, மாலை மூன்றரை முதல் ஐந்து வரை பள்ளி வழியே டிப்பர் ஓடாது என்று சங்கமே அறிவித்து, மீறுகிற வண்டிக்கு அன்று லோடு கிடையாது என்று எடைமேடையில் எழுதி ஒட்டுவது. ஓட்டுநருக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் வரை அவர் வேகமாகத்தான் ஓட்டுவார். கூலி முறையை நாள் சம்பளமாக மாற்றாமல் வேகத்தடை போட்டுப் பயனில்லை.

தண்ணீர் தெளிக்கும் டேங்கர் லாரிக்குச் செலவு பிரிக்கும்போது உற்பத்தி டன் கணக்கில் பிரியுங்கள். ஆளுக்குச் சமமாகப் பிரித்தால் சிறு யூனிட்காரர் இரண்டாம் மாதமே நிறுத்திவிடுவார், மூன்றாம் மாதம் சாலை பழையபடி புழுதி கிளப்பும்.